பலகைக்கும் தோலுக்கும் நடுவில்

ஜூன் 3, திங்கள்

புதுப் பலகை மாட்டியாச்சு. கேன்சருக்குக் கதிர் வைக்கிற மெஷினோட பழைய மேசைக்கு நடுவுல பந்து மட்டை மாதிரி நரம்பு பின்னின ஒரு சட்டம் இருந்தது. வருஷக்கணக்கா ஆளுங்க படுத்துப் படுத்து அது தொய்ஞ்சு, இடுப்பு ஒரு பக்கம் இறங்கிடும். இப்போ வந்திருக்கிறது கறுப்பு கார்பன் பலகை. கெட்டின்னா கெட்டி. ஹபீப் சாருக்கு ஒரே சந்தோஷம். எங்க டிபார்ட்மெண்ட்டுல எந்த ஆளுக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்துலன்னு கணக்குப் போடுற பிசிசிஸ்ட் அவர். "இனி ஒரு மில்லி கூட அசையாது சிஸ்டர்"ன்னார். நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்றேன். ஒருத்தர் காதுலயும் ஏறல.

இன்னைக்குப் புதுசா ஆரம்பிச்ச ஆள் சீனியம்மாள். வயசு நாப்பத்தாறு, உப்பளத்து வேலை. கர்ப்பப்பை வாயில கட்டி. கூட இருக்கிறது மக முத்துராணி, இருபது வயசு இருக்கும். இருபத்தஞ்சு சிட்டிங் எழுதியிருக்கு, நாளுக்கு ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் கதிர் முன்னால இருந்து ஒரு பக்கம், பின்னால இருந்து ஒரு பக்கம். டாக்டர் அமுதவல்லி என்னைத் தனியா கூப்பிட்டு, இது முத்தின கேஸ் இல்ல, நாள் விடாம முடிச்சா பிழைச்சுக்குவாங்க, நடுவுல விட்டா கட்டி திரும்பத் தலையெடுக்கும்னு சொன்னாங்க. எனக்குத் தெரியாதா என்ன. ஆனா அவங்க சொன்னது நல்லதுதான்.

வீட்டுக்கு வந்தா தண்ணி வரல. இவர் ரிட்டயர் ஆன கண்டக்டர், டேங்கைப் போய்ப் பார்க்கச் சொன்னா விசில் அடிச்சாத்தான் எந்திரிப்பேன்ங்கிறார்.

ஜூன் 4, செவ்வாய்

சீனியம்மாளை நேரா படுக்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. உடம்புல சதையே கிடையாது. வால் எலும்பு பலகையில நேரா உட்காருது. தோல்ல மையில வச்ச குறிக்கு லேசர் கோட்டைச் சேர்த்து, நான் வெளியே வந்து கதவைச் சாத்துறதுக்குள்ள ஒருக்களிச்சுடுறாங்க. மூணு தடவை எக்ஸ்ரே படம் எடுத்தேன். வெளியே நாப்பது பேர் காத்திருக்காங்க. கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அந்தம்மா கோபப்படல. "எலும்பு குத்துதும்மா, நான் வேணும்னு அசையல"ன்னாங்க. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஜூன் 6, வியாழன்

நேத்து ரம்ஜான் லீவு. ஹபீப் சார் வீட்டு பிரியாணி இன்னைக்கு டிபன் பாக்ஸ்ல வந்தது.

ஒரு வழி பண்ணிட்டேன். வார்டுல கிழிஞ்சு போட்டிருந்த மெக்கின்டாஷ், அதான் படுக்கையில விரிக்கிற சிவப்பு ரப்பர் ஷீட்டு, அதை எட்டா மடிச்சு, பழைய காட்டன் சேலைத் துண்டுல உறை தைச்சு, இடுப்புக்குக் கீழே வச்சேன். ஒரு விரல் கனம். ஆள் கொஞ்சம் உசந்தாங்க. அதுக்கு ஏத்த மாதிரி மேசையை இறக்கி, கோட்டைக் குறியோட சேர்த்துட்டேன். படம் எடுத்துப் பார்த்தா அச்சு அசலா உட்கார்ந்திருக்கு. சீனியம்மாள் கண்ணை மூடி அப்படியே கிடந்தாங்க. ஏழே நிமிஷம்.

இதையெல்லாம் யார் சொல்லித் தர்றாங்க? கைப்பழக்கம்தான். ஐசக் என்கூட வேலை பார்க்கிற பையன், கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைக்கு அப்பன், இன்னும் குறி வைக்கவே தடுமாறுறான்.

ஜூன் 11, செவ்வாய்

சீனியம்மாள் எனக்கு ஒரு பை உப்பு கொண்டாந்தாங்க. கல்லுப்பு, வெள்ளை வெளேர்னு. நம்ம வேலைக்கு எதையும் வாங்கக் கூடாதுன்னு சொன்னேன். உப்பை வேண்டாம்னு சொல்லக் கூடாதும்மான்னு சொல்லி வச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த மெத்தையை வச்சதுல இருந்து கரண்டு வைக்கிற நேரம்தான் நாள்ல வலியில்லாத நேரம்னு மகக்கிட்ட சொன்னாங்களாம். இங்க வர்ற ஜனங்க கதிர்னு சொல்ல மாட்டாங்க, கரண்டுதான்.

எனக்குப் பெருமையா இருந்தது. எழுதி வைக்கிறதுல என்ன வெட்கம்.

ஜூன் 14, வெள்ளி

ட்ரெயினிங் பிள்ளைங்க நாலு பேர். ஒரு பொண்ணு, நோயாளிக்கு மேல ஈரத் துணி கிடக்கிறதைக் கவனிக்காம விட்டுட்டா. வாங்கு வாங்குன்னு வாங்கினேன். முதல் வருஷப் பாடத்துல இருக்கிற விஷயம். கதிர் தோல்ல கடிக்காது, உள்ளே ஒன்றரை சென்டிமீட்டர் போனப்புறம்தான் முழு வேகம் எடுக்கும். தோல் தப்பிக்கிறதே அதனாலதான். தோலுக்கு மேல எதையாவது கனமா போட்டா, வேகம் எடுக்கிற வேலை அதுக்குள்ளேயே நடந்து முடிஞ்சிடும். அப்புறம் தோலுக்கு விழுறது முழு அடி. நான் நடத்தினதை அந்தப் பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டா. அழுதுட்டே எழுதினா, எழுதட்டும்.

ஜூன் 19, புதன்

பன்னிரண்டாவது சிட்டிங். சீனியம்மாளுக்குப் பின்னால அரிக்குதாம். பார்த்தேன், சிவப்பு. எல்லாருக்கும் வர்றதுதான். மடிப்புல காத்துப் படாம வச்சிருப்பாங்க. பவுடர் போடாதீங்க, சோப்பு போடாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு புளிச்சிடுச்சு.

ஜூன் 21, வெள்ளி

திருப்பிப் படுக்க வச்சுப் பார்த்தேன். சிவப்பு இப்போ கருஞ்சிவப்பு ஆயிடுச்சு. நாங்க மையில வரைஞ்ச கட்டத்துக்குள்ளதான் இருக்கு, ஆனா மேல் கோட்டுக்கு நாலு விரல் கீழேயே நின்னுடுச்சு. அந்த நாலு விரல் இடம் சாதாரணமா இருக்கு. சிவப்போட விளிம்பு நேர்கோடா இருந்தது.

பார்த்துட்டு சேலையை இழுத்து விட்டேன். சாயங்காலம் வரைக்கும் இருபத்தெட்டு பேருக்கு வச்சோம். ஐசக் டீ வாங்கி வச்சது ஆறிப்போய்க் கிடந்தது. ஏன் குடிக்கலன்னு கேட்டான். உன் வேலையைப் பாருடான்னு சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகல. தலைவலி. இவர் போயிட்டு வந்தார்.

ஜூன் 24, திங்கள்

சீனியம்மாளுக்கு மெத்தை வைக்கல. சலவைக்குப் போயிருக்குன்னு சொன்னேன். "நாளைக்கு வந்துருமாம்மா?"ன்னு கேட்டாங்க. பார்க்கலாம்னு சொன்னேன். ரொம்ப முனகினாங்க. ஐசக்கை ஒரு பக்கம் பிடிச்சுக்கச் சொல்லி நேராக்கிட்டு, ரெண்டு பேரும் வெளியே வந்தப்புறம் படம் எடுத்தேன்.

மெத்தை என் லாக்கர்ல இருக்கு.

ஜூன் 26, புதன்

தோல் உரிஞ்சிடுச்சு. உள்ளங்கை அகலம், நீர் வடியுது. டாக்டர் அமுதவல்லி வந்து பார்த்துட்டு, பதினேழாவது சிட்டிங்ல இப்படி ஆகக் கூடாதே, வீட்டுல என்ன பண்ணினீங்கன்னு கேட்டாங்க. முத்துராணி பயந்துட்டா. கடைசியில சொன்னா. வலி தாங்கலன்னு அம்மா கேட்டதால ரெண்டு தடவை வெந்நீர் பையில ஒத்தடம் கொடுத்தாளாம்.

டாக்டர் ஒரு பிடி பிடிச்சாங்க பாருங்க. கரண்டு வச்ச தோல்ல யாராவது சூடு வைப்பாங்களா, படிச்ச பொண்ணுதானே, உங்க அம்மாவைப் பிழைக்க வைக்கணுமா வேண்டாமான்னு. வெளியே காத்திருந்த கூட்டத்துக்கே கேட்டிருக்கும். அந்தப் பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னா. கண்ணுல தண்ணி, துடைக்கக் கூட இல்ல. சீனியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டு, "எம் பிள்ளையே என்னைய வேக வச்சிருச்சு"ன்னாங்க.

ஒத்தடமும் தப்புதான். யாரும் கொடுக்கச் சொல்லல.

நான் அப்போ கையுறை மாட்டிட்டிருந்தேன். மருந்து போட்டு விட்டேன். நல்லா சுத்தமா போட்டு விட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

பதினெட்டு முடிஞ்சது, ஏழு பாக்கி. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க. புண் ஆறினப்புறம் பார்க்கலாம், ஜூலை எட்டாம் தேதி வாங்கன்னு எழுதிக் கொடுத்தாங்க. எத்தனை நாள் நிற்கலாம்னு நான் கேட்டேன். நிற்கவே கூடாது, ஆனா இந்தப் புண்ணு மேல எப்படி வைக்கிறதுன்னு கேட்டாங்க.

முத்துராணி அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வந்தா. சீனியம்மாள் கையைத் தட்டி விட்டுட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு நடந்தாங்க. பிள்ளை நாலடி பின்னால பையைத் தூக்கிட்டுப் போச்சு.

ஜூலை 1, திங்கள்

இவர் கேட்கிறார், ஏன் ராத்திரியெல்லாம் புரளுறேன்னு. புழுக்கம்னு சொன்னேன். ஃபேன் ஓடுதேன்னார். எதுக்கெடுத்தாலும் கேள்வி.

ஜூலை 3, புதன்

ஹபீப் சார் விட மாட்டேங்கிறார். ஒத்தடம் ரெண்டு தடவை கொடுத்ததுக்கு இவ்வளவு ஆகாதுன்னு அவர் மனசுக்குப் படுது. பலகை மேல சின்னச் சின்ன ஃபிலிம் துண்டு வச்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் பாளத்தை உடம்பு மாதிரி அடுக்கி, மெஷினைக் கீழே சுத்தி விட்டுப் பின்பக்கத்துல இருந்து வச்சுப் பார்த்தார். நானும் ஐசக்கும் பாளம் தூக்கினோம். பழைய நரம்புச் சட்டத்துல தோலுக்கு விழுந்ததை விட, இந்தப் பலகையில ரெண்டு மடங்குக்கு மேல விழுது. நடுவுல பலகைன்னு ஒண்ணு இருக்கில்ல.

மாட்டின அன்னைக்கே இதை அளந்திருக்கணும், கெட்டியா இருக்குங்கிற சந்தோஷத்துல விட்டுட்டேன், என் தப்புன்னு சொன்னார். ஆனா இதுவும் அந்தப் புண்ணுக்குப் போதாது, மத்த யாருக்கும் இப்படி வரலயேன்னு தலையைச் சொறிஞ்சார்.

பாளம் ரொம்ப கனம். தோள் வலிக்குது.

ஜூலை 5, வெள்ளி

மெஷின் தினம் மேசை உயரத்தைத் தானா பதிஞ்சு வைக்கும். அது எனக்கு ஞாபகமே இல்ல. ஹபீப் சார் தாள்ல அச்சடிச்சு எடுத்துட்டு வந்தார். ஜூன் ஆறுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் சீனியம்மாளுக்கு மட்டும் மேசை ரெண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு. இருபத்திநாலுல இருந்து பழைய உயரம். இது என்ன சிஸ்டர்னு கேட்டார்.

அந்தம்மா ஆரம்பத்துல வலியில இடுப்பைத் தூக்கித் தூக்கிப் படுத்தாங்க, குறியோட சேர்க்க இறக்கினேன், அப்புறம் பழகிட்டாங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் யோசிக்கல, வாயில தானா வந்தது. அவர் தாளை மடிச்சுப் பையில வச்சுட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னுட்டுப் போயிட்டார்.

திட்டியிருந்தா கூடத் தேவலை.

ஜூலை 8, திங்கள்

வரல.

ஜூலை 9, செவ்வாய்

போன் போட்டேன். முத்துராணி எடுத்தா. புண் ஆறிட்டு வருதாம், ஆனா அம்மா வர மாட்டேங்கிறாங்களாம். எனக்குக் கரண்டும் வேண்டாம், நீ எடுக்கிற பாடும் வேண்டாம்ங்கிறாங்களாம். சித்திதான் இப்போ மருந்து போட்டு விடுறாங்க, என்னைய தொட விட மாட்டேங்கிறாங்கன்னா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, கட்டியால முன்னால பட்ட ரத்தம் மறுபடி லேசா படுதுன்னு சொன்னா.

வரச் சொல்லும்மா, கண்டிப்பா வரச் சொல்லுன்னு சொன்னேன். "நான் சொன்னா கேக்க மாட்டாக, நான்தான செஞ்சேன்"னா. லைன்ல இருக்கீங்களான்னு கேட்டா. இருக்கேன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஹபீப் சார் டீனுக்குக் கடிதம் எழுதியிருக்கார். புதுப் பலகையை அளக்காம உபயோகத்துக்கு விட்டது தன் தவறு, நோயாளிக்கு வந்த காயத்துக்குத் தானே பொறுப்புன்னு. உடன் இருந்தவர்னு என் கையெழுத்து வேணுமாம். பேனாவையும் அவரே நீட்டினார்.

லாக்கரைத் திறந்து மெத்தையை எடுத்து அவர் மேசையில வச்சேன். சொன்னேன்.

அவர் உறையைப் பிரிச்சுப் பார்த்தார். எத்தனை மடிப்புன்னு கேட்டார். எட்டுன்னேன். அளவுகோலை வச்சு அளந்தார். உறையைத் திரும்பச் சுத்தி வச்சுட்டுச் சொன்னார்.

"இதையே மேல போட்டிருந்தா நீங்க அந்த ட்ரெயினிங் பிள்ளைங்களைக் கொன்னு போட்டிருப்பீங்களே."

அதுதான் உண்மை. மேல ஒரு கைக்குட்டை கிடந்தாலும் எனக்குக் கண்ணு உறுத்தும். கீழே இருக்கிறதை நான் படுக்கைன்னு நினைச்சேன். மெஷின் தலை கீழேயும் சுத்தி வரும்னு எனக்குத் தெரியாமலா? இருபது வருஷமா கீழே வெறும் நரம்பு வலைதான், நடுவுல எதுவும் இருந்ததில்ல. அதனால கீழ்ப்பக்கத்தைப் பத்தி யோசிச்சுப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு வரல. இதைத்தான் அவர்கிட்ட சொன்னேன்.

எப்போ தெரிஞ்சதுன்னு கேட்டார். நேத்துதான் தோணுச்சுன்னு சொன்னேன்.

டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போனோம். அவங்க என்னை ஏசல. விசாரணை அது பாட்டுக்கு நடக்கட்டும், முதல்ல அந்தம்மாவைக் கொண்டு வாங்க, ஒவ்வொரு நாளும் போயிட்டிருக்குன்னாங்க.

ஜூலை 14, ஞாயிறு

காலையில முதல் பஸ். இவர் கூட வர்றேன்னார், வேண்டாம்னுட்டேன்.

உப்பளத்துக்குப் பின்னால ஓட்டு வீடு. சீனியம்மாள் ஒருக்களிச்சுப் படுத்திருந்தாங்க. இன்னும் வத்திட்டாங்க. என்னைப் பார்த்ததும் எந்திரிக்கப் பார்த்தாங்க, முகமெல்லாம் சிரிப்பு. "யம்மா, இம்புட்டு தூரம் என்னையத் தேடியா வந்தீய"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தங்கச்சிக்காரியைக் கூப்பிட்டு கலர் சோடா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எனக்கு மெத்தை போட்ட மகராசி இவுகதான்னு அவகிட்டயே சொன்னாங்க. நான் பாட்டில் வரும்னு காத்திருக்கல. தங்கச்சி வாசப்படி தாண்டினதும் சொல்லிட்டேன்.

புரியிற மாதிரி சொன்னேன். ஒத்தடத்தால இல்ல, நான் வச்ச மெத்தையால. அது கரண்டைத் தோல்லயே பிடிச்சு வச்சிடுச்சு. உங்க மக மேல தப்பில்ல.

சீனியம்மாள் என் கையை விட்டாங்க. அப்புறம் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாங்க. அடுப்படியில இருந்து முத்துராணி வந்து கதவுகிட்டயே நின்னா. உள்ளே வரல.

"எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லு"ன்னாங்க. இதுவரைக்கும் என்னை நீன்னு சொன்னதில்ல.

மறுபடி சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்றது லேசுன்னு நினைச்சேன். அப்படி இல்ல. அந்தப் பிள்ளை அழும், இல்ல கத்தும்னு பார்த்தேன். ரெண்டும் செய்யல. நிதானமா கேட்டா.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

நேத்துன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஹபீப் சார்கிட்ட சொன்ன பொய்தான், தயாரா இருந்தது. அவ முகத்தைப் பார்த்தேன்.

"ஜூன் இருபத்தொண்ணு."

விரல் விட்டு எண்ணினா. "டாக்டர் என்னைய ஏசினது இருபத்தாறு."

"ஆமா."

"நீங்க அங்கனதான நின்னீய."

"நின்னேன்."

சீனியம்மாள் மகளைப் பார்த்துக் கையை நீட்டினாங்க. அவ வரல. பிறகும் நீட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவ வந்து தரையில உட்கார்ந்து, அம்மா கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கல.

நான் மீதி ஏழு சிட்டிங்கைப் பத்திச் சொன்னேன். நாள் தள்ளத் தள்ள ஆபத்துன்னு சொன்னேன். கெஞ்சினேன்னே வச்சுக்கலாம். சீனியம்மாள் நாளைக்கு வாரேன்னாங்க. "ஆனா நீ தொடக் கூடாது. என்னையப் படுக்க வைக்க வேற ஆளப் போடச் சொல்லு."

சரின்னேன். தங்கச்சி கலரோட எதிரே வந்தா. அக்காவுக்குக் கொடுங்கன்னு சொல்லிட்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ்ல ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நல்லா அழுதேன். யாருக்காகன்னு சொல்லத் தெரியல. எனக்காகவும் இருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

காலையில முதல் வேலையா ஹபீப் சார்கிட்ட போய் தேதியைத் திருத்திச் சொன்னேன், சிவப்போட விளிம்பு மெத்தை ஓரத்தோட அச்சா நின்னதைப் பார்த்த ஜூன் இருபத்தொண்ணுன்னு. அவர் என்னைப் பார்க்காம எழுதிக்கிட்டார்.

வந்தாங்க, ரெண்டு பேரும். முத்துராணி தாங்கிப் பிடிச்சுட்டு வந்தா. ஐசக்தான் படுக்க வச்சான். ஹபீப் சார் கணக்கை மாத்தி, பலகை குறுக்கே வராத மாதிரி கோணம் பிரிச்சிருந்தார். நான் வெளியே, உள்ளறையைக் காட்டுற டிவியில பார்த்துட்டிருந்தேன். ஐசக் நல்லாவே சேர்த்தான். சீனியம்மாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு அசையாம கிடந்தாங்க. பத்தொன்பது ஆச்சு, ஆறு பாக்கி.

முடிஞ்சதும் டாக்டர் அமுதவல்லி சோதிச்சுப் பார்த்தாங்க. பதினெட்டு நாள் இடைவெளி. கை கழுவிட்டு என்கிட்ட வந்து நின்னாங்க. போன மாசம் பாதிக்கு மேல சுருங்கியிருந்த கட்டி திரும்ப வளர்ந்திருக்காம். பக்கத்துக்கும் பரவியிருக்கிற மாதிரி கைக்குத் தட்டுப்படுதாம். மீதியை முடிப்போம், அதுக்கு அப்புறம் கர்ப்பப்பைக்கு உள்ளேயே கதிர் வைக்கிற வைத்தியமும் பண்ணுவோம், ஆனா ஆரம்பத்துல சொன்ன மாதிரி இனிமே சொல்ல முடியாதுன்னாங்க.

இதை அவங்ககிட்ட யார் சொல்றதுன்னு யோசிக்கிறேன்னாங்க.

நான் சொல்றேன்னேன். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்துட்டு, சரி போங்கன்னாங்க. வெளியே பெஞ்சுல தாயும் மகளும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுட்டிருந்தாங்க. சாப்பிட்டு முடிக்கட்டும்னு கதவுகிட்டயே நின்னேன்.